சைட்டைப் பார்க்க வருபவருக்கு என்ன சொல்லி உள்ளே விடுவது?

கட்டுமான சைட்டில் வேலை செய்பவர் தரையைப் பார்த்து நடப்பார். பார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்து நடப்பார். பார்வையாளரை உள்ளே விடும் முன் கொடுக்கும் பாதுகாப்பு விளக்கமான இன்டக்‌ஷன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வித்தியாசம்தான். கட்டடம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தானே அவர் வந்திருக்கிறார்? காலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும், பலகை போட்டு மூடிய குழியும், பின்னால் ரிவர்ஸில் வரும் டிப்பரும் அவர் கண்ணில் படுவதில்லை.

தொழிலாளிக்குக் கொடுக்கும் இன்டக்‌ஷனையே கொஞ்சம் சுருக்கி இவருக்கும் கொடுத்தால் போதும் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொழிலாளி நாளையும் வருவார். தவறான இடத்தில் கால் வைத்தால் பக்கத்தில் இருக்கும் மேஸ்திரி சத்தம் போடுவார். ஒரு வாரத்தில் சைட் அவருக்குப் பழகிவிடும். பார்வையாளருக்கு அந்த ஒரு வாரம் கிடையாது. ஒரு மணி நேரம் இருப்பார், போய்விடுவார். அவர் மனதில் நிற்கும்படி சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எது, மீதியை யார் பார்த்துக்கொள்வது என்று தீர்மானிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன? பதிவேட்டில் கையெழுத்து வாங்கி ஹெல்மெட் கொடுப்பது. அச்சடித்த விதிகளைக் கையில் கொடுப்பது. கேட் பக்கத்து அறையில் வீடியோ காட்டுவது. வருவதற்கு முன்பே இணையத்தில் பார்க்கவைத்து, கேள்விகளுக்குப் பதில் வாங்குவது. ஒருவர் நேரில் நின்று சொல்வது. ஒருவரைக் கூடவே அனுப்புவது. இவை ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு சைட்டில் நான் நடத்தியிருக்கிறேன், அல்லது நானே பார்வையாளராகப் போய் அனுபவித்திருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூட நடக்கும் ஆள் முதலில், நேரில் சொல்லும் ஐந்து நிமிடம் அடுத்தது, மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

உள்ளே வரத்தான் வேண்டுமா?

ஒப்பிடத் தொடங்கும் முன் இன்னொரு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளை வேலை நடக்கும் இடத்துக்குள் விடாமலேயே காரியத்தை முடிப்பதுதான் அது. பில்லில் கையெழுத்து வாங்க வந்தவர் கான்கிரீட் போடும் தளம் வரை ஏறி வர வேண்டிய அவசியம் என்ன? பொறுப்பாளர் கீழே இறங்கி வந்தால் போதும். கட்டடத்தின் முன்பக்கத்தைப் பார்க்க விரும்புபவருக்கு வேலிக்கு வெளியே பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்டினால் போதும்.

சைட் அலுவலகத்தை கேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கேட்டிலிருந்து அலுவலகம் வரையுள்ள பாதையை வாகனப் பாதையிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்துவிட்டால், வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு ஆபத்தான பகுதியோடு தொடர்பே இருக்காது. அவர்களுக்கு நீண்ட விளக்கமும் தேவைப்படாது. எந்த வீடியோவை விடவும் இந்தத் தடுப்பு அதிகம் காப்பாற்றும் என்பது என் நம்பிக்கை. ஆனால் இதை வேலை தொடங்கும்போதே, சைட் வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும். அலுவலகத்தைச் சைட்டின் கடைக்கோடியில் வைத்துவிட்டு, அப்புறம் இன்டக்‌ஷனை எவ்வளவு மெருகேற்றினாலும் பயன் குறைவு.

நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். கிரேன் தூக்காத நேரம், கான்கிரீட் வண்டி வராத நேரம் என்று ஒன்று எல்லா சைட்டிலும் உண்டு. பார்வையாளரை அந்த நேரத்துக்கு வரச் சொல்வது நல்ல பழக்கம். விடுமுறை நாளில் வேலையே நடக்காதே, அன்றைக்கு வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. அன்றைக்கு முதலுதவி தெரிந்தவர் இருக்க மாட்டார், விளக்கு எரியாது, ஒருவர் விழுந்தால் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

கையெழுத்தும் ஹெல்மெட்டும்

அதிகமான இடங்களில் இன்றும் நடப்பது இதுதான். பதிவேட்டில் பெயர், நேரம், கையெழுத்து. மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட். அவ்வளவுதான், உள்ளே போகலாம். வேகமாக முடியும், ஆள் தேவையில்லை, பதிவும் கிடைக்கும். ஆனால் ஹெல்மெட் தலையில் ஏறியதும் வந்தவருக்கு ஒரு தைரியமும் ஏறிவிடுகிறது. அந்தத் தைரியத்துக்கு ஆதாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொழிற்சாலை ஹெல்மெட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 397-இல் ஒரு சோதனை உண்டு. 5 கிலோ எடையுள்ள ஒரு பொருளை 1 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் மேல் போடுவார்கள். தலைக்குக் கடத்தப்படும் விசை ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அந்த மோதலின் ஆற்றல் சுமார் 49 ஜூல். இப்போது கால் கிலோ எடையுள்ள ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஆறு மாடி மேலேயிருந்து, நழுவி விழுந்தால் தரைக்கு வரும்போது அதன் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே 49 ஜூல். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். ஒரு ஸ்பேனருக்கே இப்படி என்றால், சாரத்தின் குழாயோ செங்கல்லோ விழுந்தால் ஹெல்மெட்டை மட்டும் நம்பி நிற்க முடியாது. மேலே வேலை நடக்கும்போது கீழே நிற்காமல் இருப்பதுதான் காப்பாற்றும். ஹெல்மெட் கொடுக்கும்போதே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால், கொடுக்கும் முறையே மாறிவிடும்.

சேஃப்டி ஷூவும் அப்படித்தான். முன்பக்க இரும்புக் கவசம் 200 ஜூல் வரை தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. தோராயமாக 20 கிலோ பொருள் ஒரு மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். டிப்பரின் சக்கரத்துக்கு அது எந்த வகையிலும் ஈடில்லை. பார்வையாளருக்குப் பொருந்தும் அளவில் ஷூ இருப்பதும் அரிது. இரண்டு அளவு பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு தற்காலிகப் படிக்கட்டில் ஏறுவது புதிய ஆபத்து. சில அளவுகளையாவது வாங்கி வையுங்கள். முடியாவிட்டால், சரியான செருப்பில்லாதவரை அலுவலகத்தோடு நிறுத்திவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

கையெழுத்தைப் பற்றி ஒன்று. வந்தவர் வந்தார் என்பதற்குத்தான் அது சான்று. புரிந்துகொண்டார் என்பதற்கு எந்தக் கையெழுத்தும் சான்றாகாது. அச்சடித்த விதித்தாள் கொடுக்கும் முறையையும் இதோடு சேர்த்துத்தான் சொல்வேன். கேட்டில் நிற்கும்போது யாரும் இருபது விதிகளைப் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. பின்பக்கம் சைட் வரைபடம் இருந்து, போகும் பாதையையும், ஆபத்து நேரத்தில் எல்லோரும் வந்து சேர வேண்டிய கூடுமிடத்தையும் பேனாவால் குறித்துக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு ஒரு பயன் உண்டு.

வீடியோவா, இணையமா?

பெரிய சைட்டுகளில் வீடியோ பிடித்துப்போவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. நாற்பதாவது முறை சொல்லும் மனிதருக்குக் களைப்பு வரும், இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார். வீடியோ எதையும் விடாது. நான்கு மொழிகளில் வைத்துக்கொள்ளலாம். கிரேன் சுமையைத் தூக்கிச் சுழலும்போது எவ்வளவு பரப்பு அதன் அடியில் வருகிறது, வாகன ஓட்டுநரின் இருக்கையிலிருந்து எந்தப் பகுதி தெரியாது என்பதையெல்லாம் வாயால் விளக்குவதை விடப் படத்தில் காட்டுவது எளிது. குறிப்பாக அந்தக் குருட்டுப் பகுதி. ஓட்டுநர் இருக்கையில் கேமராவை வைத்துப் பத்து விநாடி எடுத்துக் காட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் மனிதர் மறைந்துபோவதைப் பார்த்தவர், அப்புறம் வண்டிக்குப் பின்னால் குறுக்கே நடக்க யோசிப்பார்.

குறை என்னவென்றால், வீடியோ எடுத்த நாளிலேயே உறைந்து நின்றுவிடுகிறது. சைட் நிற்பதில்லை. அடித்தளம் தோண்டிய காலத்தில் எடுத்த வீடியோவை, எட்டு மாடி எழும்பிய பிறகும் காட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். அதில் காட்டிய கூடுமிடத்தில் அன்றைக்குக் கம்பிக் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள். தீப்பிடித்திருந்தால் நாங்கள் எல்லோரும் அந்தக் கம்பிக் கட்டுகளை நோக்கித்தான் ஓடியிருப்போம். சைட்டின் பாதைகளையும் கூடுமிடத்தையும் வீடியோவில் சேர்க்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மாறாதது மட்டும் வீடியோவில் வரட்டும். மாறுவதை மனிதர் சொல்லட்டும்.

இணையத்தில் முன்கூட்டியே பார்க்கவைப்பதன் பெரிய நன்மை, வருபவர் தயாராகி வருவது. எந்தச் செருப்பு, எந்த உடை, வாகனத்தை எங்கே நிறுத்துவது, குழந்தையை அழைத்து வரலாமா என்பதெல்லாம் கேட்டில் வந்து தெரிந்தால் சண்டைதான் மிஞ்சும். வீட்டிலேயே தெரிந்தால் சிக்கல் இல்லை. கடைசியில் வரும் கேள்விகளின் மேல்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. தவறான பதிலை அழுத்தினால் மறுபடி அழுத்த விடுகிறார்கள், மூன்றாவது முறை சரியாகிவிடுகிறது. ஐயாவுக்குப் பதிலாக அவருடைய உதவியாளர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். அதனால் இணையப் பயிற்சியை வரவேற்புக் கடிதம் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதை முடித்தார் என்பதால் மட்டும் கேட்டைத் திறந்துவிடாதீர்கள்.

நேரில் சொல்லும் ஐந்து நிமிடம்

நான் அதிகம் நம்புவது சைட் வரைபடத்துக்கு முன்னால் நின்று, விரல் வைத்துக் காட்டிப் பேசுவதைத்தான். இதற்கு ஐந்து நிமிடம் போதும், பத்து அதிகம். என்ன சொல்வது?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கட்டுமானத்தில் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களை நான்காகத் தொகுத்துச் சொல்கிறது. உயரத்திலிருந்து விழுதல், பொருளோ வாகனமோ மோதுதல், இரண்டுக்கு நடுவே சிக்குதல் அல்லது மண்ணில் புதைதல், மின்சாரம் தாக்குதல். தொழிலாளிக்கு நான்கையும் விரிவாகச் சொல்ல வேண்டும். எதையும் தொடக் கூடாத பார்வையாளருக்கு முதல் இரண்டும்தான் பிரதானம். எனவே "இன்று நீங்கள் போகும் வழியில் எங்கே விழ முடியும், எது உங்கள் மேல் வர முடியும்" என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே என் பேச்சை அமைத்துக்கொள்கிறேன். "மூன்றாவது தளத்தில் லிஃப்ட் குழி திறந்திருக்கிறது, தடுப்பு இருக்கிறது, அதில் சாயாதீர்கள். பலகை போட்டு மூடிய எதன் மேலும் கால் வைக்காதீர்கள். வாகனப் பாதையை ஓர் இடத்தில்தான் கடப்போம், நான் கை காட்டிய பிறகு." இப்படி இடம் சொல்லிப் பேசினால் மனதில் நிற்கும். "எச்சரிக்கையாக இருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நிற்காது.

பள்ளம் தோண்டும் காலமாக இருந்தால் மூன்றாவதையும் சேர்த்துக்கொள்வேன். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், ஒரு காரின் எடை. விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த எடையைச் சொன்னால் தள்ளி நிற்கிறார்கள்.

அதன் பிறகு மூன்று விஷயம். சைரன் ஒலித்தால் எங்கே போவது, உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரிடம் சொல்வது, போன் எப்போது எடுக்கலாம். போனைத் தடை செய்கிறோம் என்று அறிவித்துவிட்டு யாரும் மதிக்காமல் போவதை விட, "நின்று பேசுங்கள், நடந்துகொண்டு பேசாதீர்கள்" என்று சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது சைக்கிள் வேகத்தில் வரும் டிப்பர்கூட மூன்று விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஒரு குறுஞ்செய்தியைப் படிக்க மூன்று விநாடிக்கு மேலேயே ஆகும்.

பலகைகளின் நிறத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். உலகம் முழுக்கப் பயன்படும் ஐஎஸ்ஓ 7010 குறிகளில் நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யவே கூடாதது. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சை, வெளியேறும் வழியும் முதலுதவியும். மொழி தெரியாதவருக்கும் இது போய்ச் சேரும்.

கடைசியில், திருப்பிக் கேட்க வேண்டும். "சைரன் அடித்தால் எந்தப் பக்கம் போவீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் பாதிப் பேர் தவறான பக்கத்தைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள், நான் சரியாகச் சொல்லவில்லை. மறுபடி சொல்வேன். மற்ற எந்த முறையிலும் இந்தத் திருத்தம் அந்த இடத்திலேயே நடப்பதில்லை.

நேரம் ஆகுமே என்பார்கள். ஆகும். நாளைக்குப் பன்னிரண்டு பேர் தனித்தனியாக வந்து, திருப்பிக் கேட்பதையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் என்றால் பாதுகாப்பு அலுவலருக்கு இரண்டு மணி நேரம் போய்விடும். அவர் சாரத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இரண்டு நேரம் குறித்து எல்லோரையும் அப்போது வரச் சொன்னால், அதே வேலை இருபது நிமிடத்தில் முடியும். முதல் மாதம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்.

கூட நடக்கும் ஆள்

ஒருமுறை ஒரு பெரிய சைட்டில் ஒருவர் வீடியோ பார்த்து, கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, முழு உபகரணங்களோடு உள்ளே வந்தார். கட்டடத்தை முழுசாக ஒரு படத்தில் பிடிக்க வேண்டும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. அவருக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். கூட வந்திருந்த இளைய இன்ஜினியர் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். படம் எடுக்கக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தோம். அவருக்கும் தெரியும். தெரிந்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த நொடியில் வேலை செய்தது ஒரு கை.

அன்றிலிருந்து இந்த ஒப்பீட்டில் எனக்குக் குழப்பம் இல்லை. பிரிட்டனின் 2015 கட்டுமான விதிமுறைகளுக்கான வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது. எப்போதாவது வருகிறவர்களுக்கும் இன்டக்‌ஷன் வேண்டும், அது வருகையின் தன்மைக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும், கூட ஆள் இருக்கும் பார்வையாளருக்குத் தனியாகப் போகிறவர் அளவுக்கு விவரம் தேவையில்லை, முக்கிய ஆபத்துகளும் அவற்றைத் தடுக்கும் ஏற்பாடுகளும் தெரிந்தால் போதும் என்கிறது. அதாவது கூட வரும் ஆளும் சொல்லும் விஷயத்தின் அளவும் தராசின் இரண்டு தட்டுகள். ஆள் இல்லாவிட்டால் மறுதட்டில் நிறைய வைக்க வேண்டும்.

ஆனால் யாரையாவது கூட அனுப்பினால் ஆயிற்று என்று விட்டுவிட்டால், எல்லா முறைகளிலும் மோசமானதாக இதுவே ஆகிவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை அனுப்பக் கூடாது. கூடப் போகிறவர் அன்று காலையில் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும். போன் வந்தால் எடுக்கக் கூடாது. ஆறேழு பேருக்கு மேல் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது என் அனுபவம். நாற்பது மாணவர்கள் வந்தால் குழுக்களாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எல்லாவற்றையும் விட முக்கியம், "நில்லுங்கள்" என்று சொல்லும் அதிகாரம். பார்வையாளர் முதலாளியாக இருக்கலாம், அதிகாரியாக இருக்கலாம். கூடப் போகிறவர் வயதில் சின்னவராக இருக்கலாம். கேட்டை விட்டுக் கிளம்பும் முன்பே திட்டப் பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் "உள்ளே இவர் சொல்வதுதான் சார், நானும் கேட்டுக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கத் தைரியம் வரும். இதைச் செய்யாத சைட்டுகளில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உலவும் பெரிய மனிதர்களைப் பார்க்கலாம்.

உடம்பு பற்றிய பாதி

பாதுகாப்பும் சுகாதாரமும் என்று சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் சுகாதாரம் பெரும்பாலும் விட்டுப்போகிறது. உயரம் என்றால் தலை சுற்றுபவர் ஏறும்போது சமாளித்துவிடுவார், இறங்கும்போதுதான் தெரியும். பத்தாவது மாடியில் அது தெரியவந்தால் எல்லோருக்கும் சிரமம். ஆஸ்துமா உள்ளவருக்குக் கான்கிரீட் அறுக்கும் இடம் உடனடிப் பிரச்சினை. அந்தத் தூசியில் இருக்கும் சிலிகா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது, நுரையீரலின் ஆழம் வரை போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வாராவாரம் வருகிறவர்கள், ஒருமுறைதானே என்று இதை ஒதுக்க முடியாது.

ஈரக் கான்கிரீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். தோலில் பட்ட உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்துப் புண்ணாகும். ஆர்வத்தில் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் கட்டாயம் தொடுவார்கள். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்கும் இடம் முக்கியம். பத்துப் பேர் நடுவில் "யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கர்ப்பிணியோ, மூச்சுத்திணறல் உள்ளவரோ, மயக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிடுபவரோ அதைக் கூட்டத்தில் சொல்ல விரும்புவதில்லை. இந்த ஒன்றுக்கு இணைய முறைதான் நல்லது. முன்கூட்டியே தனிமையில் கேட்கலாம், பதிலைக் கூடப் போகிறவருக்கு மட்டும் தெரிவிக்கலாம். இணையம் இல்லாத இடத்தில், ஹெல்மெட் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் கேட்டால் போதும்.

யார் பார்வையாளர்?

முறையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. லிஃப்ட் பழுது பார்க்க வருபவர், ஜெனரேட்டரைச் சரி செய்ய வருபவர் எல்லோரையும் பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அவர்கள் கருவியைக் கையில் எடுத்து வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தொழிலாளிக்கான முழு இன்டக்‌ஷன் வேண்டும், அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டும் (பர்மிட்) வேண்டும். அரை மணி நேர வேலைதான் என்பது காரணமாகாது.

பொருள் கொண்டுவரும் லாரி டிரைவர் இன்னொருவர். யாரும் அவரை எண்ணுவதே இல்லை. அவர்தான் தினமும் வருகிறார், வாகனம் நடமாடும் இடத்திலேயே இறங்கி நிற்கிறார், தார்ப்பாயை அவிழ்க்க வண்டி மேல் ஏறுகிறார், பாஷை தெரியாமலும் இருக்கலாம். கூட ஆள் அனுப்புவதும் சிரமம். அவருக்கு வீடியோவோ உரையோ ஒத்துவராது. படம் போட்ட ஓர் அட்டை, இறங்கி நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் கோடு, ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்டும் ஒருவர். இந்த மூன்றும்தான் அவருக்கான இன்டக்‌ஷன்.

அடுத்து, அடிக்கடி வருகிற ஆர்க்கிடெக்ட். எனக்கு உள்ளதிலேயே அதிகக் கவலை இவரைப் பற்றித்தான். சைட் தனக்குத் தெரியும் என்று அவர் நம்புகிறார். அவருக்குத் தெரிந்தது போன வாரத்துச் சைட். போன வாரம் இருந்த தற்காலிகப் படி இன்று இல்லை, போன வாரம் இருந்த கைப்பிடியைப் பூச்சு வேலைக்காகக் கழற்றியிருக்கிறார்கள். இவருக்கு முழுசாக மறுபடி சொல்லத் தேவையில்லை. ஆனால் "போன தடவைக்கு அப்புறம் என்ன மாறியிருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் சொல்லியே ஆக வேண்டும். கேட்டில் ஒரு சிலேட்டில் தினமும் காலையில் மூன்று வரி எழுதிவைத்தால் அந்த நிமிடமும் மிச்சம்.

சரி, எதை எடுத்துக்கொள்வது?

வருகிறவர்கள் குறைவான சின்ன சைட் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வரைபடத்தின் முன் ஐந்து நிமிடம் பேசுங்கள், நீங்களே கூடப் போங்கள். வீடியோ எடுக்கும் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் நான்கு அளவு ஷூவும் வாங்குங்கள்.

தினமும் பலர் வரும் பெரிய சைட்டில், மாறாத விஷயங்களையும் உடல்நலக் கேள்விகளையும் இணையத்துக்குக் கொண்டுபோங்கள். கேட்டில் மூன்று நிமிடம் இன்றைய நிலையைச் சொல்லுங்கள். முழு இன்டக்‌ஷன் முடிக்காத யாரும் தனியாக நடக்கக் கூடாது என்பதை மட்டும் விதிவிலக்கில்லாமல் வையுங்கள். ஆள் பற்றாக்குறையால் ஒருநாள் பார்வையாளரோடு யாரையும் அனுப்ப முடியவில்லை என்றால், அன்றைய வருகையைத் தள்ளிப்போடுவதுதான் சரி. வீடியோவைக் கூடுதலாகப் பத்து நிமிடம் காட்டி அதை ஈடுகட்ட முடியாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு 167-ஆம் உடன்படிக்கை, சைட்டில் இருப்பவர்களையும் சைட்டைச் சுற்றி இருப்பவர்களையும் அங்கிருந்து எழும் ஆபத்துகளிலிருந்து காக்கத் தகுந்த முன்னெச்சரிக்கைகள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறது. தொழிலாளி, பார்வையாளர் என்ற பிரிவினை அந்த வரியில் இல்லை.

எந்த முறையை எடுத்தாலும் பதிவேட்டில் வெளியேறிய நேரத்துக்கான கட்டத்தை யாராவது நிரப்ப வேண்டும். உள்ளே வந்த நேரம் எல்லா இடத்திலும் இருக்கும், வெளியே போன நேரம் பாதி நாட்களில் காலியாக இருக்கும். சைரன் அடித்துக் கூடுமிடத்தில் தலை எண்ணும்போது ஒருவர் குறைந்தால், அவர் மதியமே வீட்டுக்குப் போயிருந்தாலும், அவரைத் தேடிப் புகைக்குள் யாரோ ஒருவர் போக வேண்டியிருக்கும். ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கும்போதே அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஹெல்மெட் அலமாரியில் ஒன்று குறைந்தால், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.